மில்லுக்குள் கருப்பட்டி

வறுத்த காப்பிக்கொட்டையை உரலில் போட்டு இடித்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு அடங்காத பண்டம் என்று. நெல் குத்தினால் நெல் உரலுக்குள் கிடக்கும். மிளகாய் தும்ம வைக்கும், ஆனாலும் இடிபடும். காப்பிக்கொட்டை உலக்கையைக் கண்டதும் துள்ளி வெளியே விழும். விழுந்ததைப் பொறுக்கிப் போட்டு, மறுபடி இடித்து, துணியில் சலித்து, மிஞ்சிய குருணையை இன்னொரு தடவை இடித்து, ஒரு வீட்டுக்குக் காணும்படி பொடி சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். எனக்கோ வெயில் ஏறுமுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாக வேண்டும்.

அப்போது நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்துவந்த வேலை. பெண் கேட்டு வந்த அன்று மாமனார், மருமகள் வேலைக்குப் போவதில் தமக்கு ஒரு தடையும் இல்லை, வீட்டுக் காரியம் முடங்காமல் இருந்தால் போதும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இப்படியும் ஒரு மனுஷனா என்று என் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடைசி வார்த்தைக்குள் ஓர் உலக்கை ஒளிந்திருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீடு. மாமனார் கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் இருந்தவர். நான் மருமகளாகப் போனபோது அந்த வீட்டில் காப்பி என்றால், எங்கள் பக்கத்து எல்லா வீட்டையும் போல, சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி இட்டுக் கொதிக்க வைத்த கருப்புத் தண்ணீர்தான். அதற்கும் காப்பிச் செடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போதாததற்குக் காலைப் பலகாரத்துக்கும் அதே பேர். ‘காப்பி குடிச்சாச்சா’ என்று யாராவது கேட்டால் புட்டும் பயறும் தின்றாயிற்றா என்று அர்த்தம். ஒரே சொல்லை இப்படி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு எங்கள் ஜனங்கள் படுத்திய பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமனார் வயிற்றுவலி என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்தவர். அவர் வீட்டார் பால் விட்டுக் கொண்டுவந்த கொட்டைக் காப்பியை இவருக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். வயிற்றுவலி விட்டது, காப்பி பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் இனிமேல் தமக்கு அதுதான் வேண்டும் என்றார். கடையில் பொட்டலம் கட்டி விற்ற பொடியை வாங்கிப் போட்டுக் கொடுத்தால் துப்பினார். அதில் அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அந்தப் பொடியில் பாதி வறுத்த புளியங்கொட்டை, முகர்ந்தாலே தெரியும். புளியங்கொட்டையைக் காப்பி என்று விற்றவனும் ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக வேட்டி கட்டிக்கொண்டுதான் ஆராதனைக்கு நடந்தான்.

அதனால் கொட்டையாக வாங்கி வீட்டிலேயே வறுப்பது என்று முடிவாயிற்று. முந்தின நாள் இடித்து வைத்தால் மணம் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னவர் நன்றாக இருக்கட்டும். ஆகவே தினமும் விடியுமுன் இடிக்க வேண்டும். யார் இடிப்பது என்று ஒருவரும் கேட்கவே இல்லை. மாமிக்கு, அதாவது மாமியாருக்கு, தோள்வலி; மூத்த மருமகளுக்குக் கைக்குழந்தை. மிச்சம் நான்தான்.

முதல் வாரமே மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குள் நுழைந்தேன். பள்ளியின் பொறுப்பில் இருந்த வெள்ளைக்கார மிஸியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் தாமதம், மறுபடியும். கடைசியில் கூப்பிட்டு, கல்யாணம் ஆன பெண்களை வைத்துக்கொள்வதில் இதுதான் சங்கடம், இனியும் இப்படி வந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டாள். நான் அதை வீட்டில் வந்து சொன்னேன். மாமனார் நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நேரம் காணல்லண்ணா பள்ளிக்கூடத்த விட்டிரு மக்கா. ஒனக்கு இங்க என்ன கொறவு?”

அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். நான் ராவும் பகலும் படித்துத் தேறிய படிப்பும், எனக்கென்று இருந்த ஒரே வேலையும், அவருடைய ஒரு டம்ளர் காப்பிக்குள் முங்கிப்போவதில் அவருக்கு ஒரு விசேஷமும் தெரியவில்லை. அன்று இரவு கணவரிடம் சொன்னேன், காப்பி அரைக்கிற மில்லு ஒன்று வாங்கித் தாருங்கள், இல்லாவிட்டால் என் வேலை போய்விடும் என்று.

எனக்கு மில்லு புதிதல்ல. என் அப்பா மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதியவர். துரை பங்களாவில் வேண்டாம் என்று கழித்த மில்லு ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. பாவாடை கட்டிய வயதிலிருந்து அதில் அரைத்திருக்கிறேன், கழற்றித் துடைத்து மறுபடி பூட்டியும் இருக்கிறேன். மாவு திரிக்கிற திரிகையில் இரண்டு கல் இருப்பதுபோல மில்லுக்குள் இரண்டு இரும்பு. நடுவில் கூம்பாக ஒன்று, அதைச் சுற்றி வளையமாக ஒன்று, இரண்டிலும் பல். அந்த இரண்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளியில்தான் காரியம் இருக்கிறது. அச்சு ஆடாமல் நின்றால் பொடி ஒன்றுபோல விழும். ஆடினால் கொஞ்சம் தூசியாகவும் கொஞ்சம் பாதிக் கொட்டையாகவும் விழும். தூசி கசக்கும், பாதிக் கொட்டையில் ஒன்றும் இறங்காது. பல் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தால் அச்சு அசையக் கூடாது என்று கணவருக்கு விவரமாகச் சொல்லி அனுப்பினேன்.

அவர் தக்கலை சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா. நல்லவர். அவருடைய அப்பா பக்கத்து அறையில் இருமினால்கூட எழுந்து நிற்பார், அது ஒன்றுதான் குறை. நாகர்கோவில் போய் இரும்புச் சாமான் கடையிலிருந்து ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பச்சை வர்ணம் அடித்து, நாலு பக்கமும் ரோஜாப்பூ வரைந்து, கீழே பொடி விழச் சின்ன இழுப்பறை வைத்திருந்தது. பெண்கள் சுற்ற லேசாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். லேசாக இருந்தது உண்மைதான். ஒன்றையும் அரைக்காத மில்லு லேசாகத்தான் இருக்கும். கைப்பிடியைத் தொட்டதும் அச்சு குழந்தையின் பால்பல் போல ஆடியது. உள்ளே பல் என்று இருந்தது வெறும் தகட்டை நெளித்து வைத்த வேலை. நான் பல்லைச் சொல்லி அனுப்பினால் இவர் பூவைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அதில் அரைத்து, அரைபடாததைப் பொறுக்கி, அதை மறுபடி உரலில் இடித்தேன். ஒரு வேலை இரண்டு வேலையாயிற்று. மில்லு வந்த பிறகும் இவளுக்கு நேரம் ஆகிறதே என்று மாமி வாய்விட்டே சொன்னாள். அந்த வாரமும் தாமதமாகப் போனேன். மிஸியம்மா கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை நானே நாகர்கோவிலுக்கு வருகிறேன் என்றேன். வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. சேலை வாங்க ஒரு பெண் கடைக்குப் போனால் அது வேறு, ஆணியும் ஏர்க்கொழுவும் விற்கிற கடையில் போய் நிற்பதா என்று மாமி கேட்டாள். நான் ஒரு பிடி வறுத்த கொட்டையைக் கைலேசுத் துணியில் முடிந்துகொண்டு, ரோஜாப்பூ மில்லைக் கணவர் கையில் கொடுத்துப் பஸ் ஏறினேன்.

அந்தக் கடைக்காரரை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். நான் கேட்பேன், அவர் என் கணவருக்குப் பதில் சொல்வார். இதில் பல் தகடா வார்ப்பா என்று நான் கேட்டால், சார், இது சீமைச் சாமான் என்று அவரைப் பார்த்துச் சொல்வார். அச்சு ஆடுகிறதே என்றால், புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் சார் என்பார். என் கணவரும் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் முடிச்சை அவிழ்த்துக் கொட்டையை அந்த ரோஜாப்பூ மில்லில் போட்டுச் சுற்றி, விழுந்ததைக் கடைக்காரருடைய மேசைமேல் கொட்டிக் காட்டினேன். தூசியும் பாதிக் கொட்டையும் தனித்தனியாகக் கிடந்தன. கடையில் வைத்து அரைத்துப் பார்க்கிற வழக்கம் இல்லை சார் என்று அவர் முகத்தைச் சுளித்தார். வாங்கிக் கொண்டுபோய்த்தான் ஏமாற வேண்டும் போலிருக்கிறது.

மேல்தட்டில் ஒட்டடை படிந்து ஒரு மில்லு இருந்தது. முழுக்க இரும்பு. சுவரில் அறைய முதுகில் தகடு, பக்கத்தில் நீளமான கைப்பிடி, இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் காதுள்ள ஒரு திருகு. எங்கள் மலை வீட்டில் இருந்ததன் கூடப்பிறந்ததுபோல இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

“அது தோட்டத்துத் தொரைமாருக்குள்ளது சார். வீட்டுக்குச் செரிவராது” என்றார், கணவரிடம்.

“அண்ணாச்சி, அரைக்கப் போறது நான். எனக்க மொகத்தப் பாத்துப் பறையும்” என்றேன்.

கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் கூரையைப் பார்த்தார். மில்லு கீழே வந்தது. கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், அச்சு அசையவில்லை. விரலை விட்டுத் தடவினேன், பல் ஒவ்வொன்றும் நகத்தில் தட்டியது. மிச்சக் கொட்டையைப் போட்டு அரைத்து உள்ளங்கையில் தேய்த்தபோது ஆற்று மணல் போல ஒரே பருமனாக இருந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு கேட்டதை என் சம்பளத்திலிருந்து கொடுத்து வாங்கினோம். கடைக்காரர் அதையும் கணவர் கையில்தான் கொடுத்தார்.

அடுக்களைச் சுவரில் ஒரு பலகையை அறைந்து அதில் மாட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து, தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு அரைக்கத் தொடங்கினால் தண்ணீர் கொதிக்குமுன் பொடி தயாராக இருக்கும். துணியில் வடித்துப் பால் விட்டு மாமனார் முன்னால் வைத்துவிட்டு, நான் தலை வாரி, புட்டு தின்று, நிதானமாக நடந்து போனேன். மிஸியம்மாவுக்கு முன்னால் பள்ளியில் இருந்தேன். மாமனாரும் ஆஸ்பத்திரிக் காப்பியை விட இது மேல் என்று சொன்னார். இனி என் வேலைக்குப் பயம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. மாமனார் அவர்களை அடுக்களை வரைக்கும் கூட்டிப்போய் மில்லைக் காட்டியிருக்கிறார். அரைத்துக் காட்டுமய்யா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வறுத்த கொட்டை தீர்ந்துபோயிருந்தது. அதனால் என்ன, காப்பிக்கு உள்ள மில்லுதானே என்று இவர் சுக்கை உடைத்துப் போட்டு, மல்லியைப் போட்டு, அதன் தலையில் கருப்பட்டியையும் தட்டிப் போட்டு, கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார். கொஞ்சம் சுற்றியதும் மில்லு நின்றுவிட்டது. இவர் விடவில்லை. கமிட்டிக்காரர் ஒருவரும் கைகொடுத்தார். சபையை நடத்துகிற பெரிய மனிதர்கள் மாறிமாறித் தொங்கி, பலகையோடு சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

நான் வந்தபோது மில்லு தரையில் கிடந்தது. விருந்தாளிகள் போயிருந்தார்கள். இரும்புக்கடை வரைக்கும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாயே, நாலு நாள் நிற்கவில்லை பார் என்றாள் மாமி. அவளுடைய மகன் வாங்கின பூப்போட்ட மில்லு கைக்கு அடக்கமாக இருந்ததாம். இனி உரல்தான், பள்ளிக்கூடத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு என்ற பேச்சும் அதோடு வந்தது. என் கணவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கீழே உட்கார்ந்து திருகைக் கழற்றினேன். கூம்பை வெளியே இழுத்தபோது பல்லுக்கு நடுவிலெல்லாம் கருப்பட்டி பிசின் போல அப்பியிருந்தது. சுக்கு நார் அச்சில் சுற்றியிருந்தது. கையில் ஒட்டியதை முகர்ந்து பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. இதற்குள் கருப்பட்டியைப் போட்டது யார் என்று கேட்டேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாமனார் கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்:

“காப்பிக்குக் கருப்பட்டி போடாம பின்ன என்ன போடுவாவ?”

அவர் கேலி பண்ணவில்லை. தினமும் பக்கத்தில் நின்று நான் அரைப்பதைப் பார்த்தவர், கொட்டைக் காப்பிக்காக வீட்டையே தலைகீழாக்கியவர், மனதார அப்படித்தான் நினைத்தார். பேர் காப்பி என்றால் எல்லாம் ஒன்றுதானே. அந்த அறியாமைக்கு நான் வேலையை விட வேண்டும், அவர் ஒரு குறையும் இல்லாமல் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார்.

கொதிக்கிற தண்ணீரில் எல்லாப் பாகத்தையும் போட்டேன். கருப்பட்டி தானே கரைந்து போயிற்று. நாரைப் பிய்த்தெடுத்து, துணியால் துடைத்து, அடுப்போரத்தில் ஈரம் போகக் காயவைத்து, திரும்பப் பூட்டினேன். ஒரு பல்கூடப் போகவில்லை, நல்ல இரும்பு. சுற்றிக் காட்டினேன், முன்போலவே ஓடியது. எல்லோரும் பார்த்தார்கள். மாமனார் எழுந்து வந்தார், மில்லைக் கையில் எடுத்தார், பலகையோடு தம் அறைக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். விலை பிடிச்ச சாமான், பெண்கள் கையில் கிடந்தால் கெட்டுப்போகும் என்றார்.

அன்று ராத்திரி எனக்கு அழுகை வரவில்லை. கோபம் அழவும் விடாது.

விடியற்காலை எழுந்தேன். அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்தேன், புட்டு அவித்தேன். உரல் பக்கம் போகவில்லை, சாவியும் கேட்கவில்லை. மாமனார் ஊஞ்சலுக்கு வந்து உட்கார்ந்து, காப்பி எங்கே என்று கேட்டார். பொடி இல்லை, மில்லு உங்கள் அலமாரியில் இருக்கிறது, பெண்கள் தொட்டால் கெட்டுப்போகும் என்றீர்களே என்று மரியாதையாகவே சொன்னேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். அவர் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று. சாவியை யாரிடமாவது கொடுத்தால் முந்தின நாள் சொன்ன சொல் என்னாவது? பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து, மில்லை ஜன்னல் படியில் வைத்து ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தாமே அரைத்தார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினேன்.

அதன் பிறகு அது வழக்கமாயிற்று. மில்லு அலமாரிக்குள், சாவி இடுப்பில், அரைப்பு அவர் கையில். என் வேலை தப்பியது. சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சொன்ன கதை இருக்கிறதே! நாகர்கோவிலில் தேடிப் பொறுக்கி எடுத்த மில்லு என்பார். பல் பார்த்து வாங்க வேண்டும், அச்சு பார்த்து வாங்க வேண்டும் என்பார். பெண்களுக்கு இதில் விவரம் போதாது என்று முடிப்பார். நான் அடுக்களையில் நின்று பல்லைக் கடிப்பேன். என் கணவரிடம் கேட்டால், அப்பாவுக்கு வயசாகிவிட்டது, விடேன் என்பார். அவருக்கு வயசாகாமல் இருந்தபோதும் இதையேதான் சொன்னார்.

பல வருஷம் கழித்து மாமனார் இறந்தார். வேதக்கோயில் நிறைய ஜனம். போதகர் பிரசங்கத்தில் அவருடைய தருமங்களைச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார். அந்தக் காலத்திலேயே தம் மருமகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக, விடியற்காலம் எழுந்து தம் கையாலேயே காப்பி அரைத்த மனிதர் இவர் என்றார். பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, கொடுத்து வைத்தவள் நீ என்றாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நன்றியில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழுந்து நின்று, உலக்கையைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா, கருப்பட்டியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. துக்கமும் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமி அலமாரிச் சாவியை எடுத்து, முறைப்படி மூத்த மகனான என் கணவரின் அண்ணன் கையில் கொடுத்தாள். வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் போய்க் கையை நீட்டினேன்.

“அத்தான், அந்தச் சாவிய இஞ்ச தாரும்.”

“அரைக்கியதுக்கா?” என்று கேட்டார்.

“அரைக்கியதுக்கில்ல. அது எனக்க மில்லு.”